4 எம்பி கோப்பு நகலெடுத்ததும் 47 ஜிபி ஆவது ஏன்? பைத்தானில் ஸ்பார்ஸ் கோப்பின் துளைகளைக் காப்பாற்றும் வழிமுறை

கோத்தகிரியில் எங்கள் சிறு குழு பராமரித்துவரும் மழைக்கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டே இந்த வழிமுறை எழுதப்பட்டிருக்கிறது. நீலகிரியின் மேல் 80 கி.மீ.க்கு 60 கி.மீ. என்று ஒரு செவ்வகத்தை வைத்து, அதை 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 4,80,000 கட்டங்கள் வரும். பத்து நிமிடத்துக்கு ஓர் அளவு என்ற கணக்கில் லீப் ஆண்டொன்றுக்கு 52,704 எண்கள் தேவை. எண்ணுக்கு 2 பைட் வீதம் எடுத்து, வட்டில் இடம் ஒதுக்கும் அலகான 4,096 பைட் பிளாக்கின் எல்லைக்கு உயர்த்தினால் ஒரு கட்டத்துக்கு 1,06,496 பைட் ஆகிறது. எல்லாக் கட்டங்களுக்குமாகச் சேர்த்தால் கோப்பின் நீளம் 47.6 ஜிபி. ஆனால் மழைமானி இருப்பதோ 43 கட்டங்களில் மட்டும். தரவு எழுதப்பட்ட பிளாக்குகளைக் கூட்டினால் 4,472 கேபிதான் வரும்; மற்றதெல்லாம் துளை. இதை டேட்டாபேஸில் வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கட்ட எண்ணைப் பெருக்கினால் இடம் தெரிந்துவிடுகிறது என்ற வசதிக்காக ஒருவர் தொடங்கிவைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துளை என்பது கோப்பின் உள்ளடக்கத்தைச் சேர்ந்ததன்று. இந்தப் பகுதியில் யாரும் எதையும் எழுதவில்லை, ஆகவே இதற்கு இடம் ஒதுக்கவில்லை என்று கோப்பு முறைமை தன் கணக்கில் வைத்திருக்கும் குறிப்பு அது. துளைகள் உள்ள கோப்பே ஸ்பார்ஸ் கோப்பு. அந்தப் பகுதியைப் படிக்கக் கேட்கும் நிரலுக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் சுழியங்களை நிரப்பித் தந்துவிடும். அவை வட்டிலிருந்து வந்தவையா, துளையிலிருந்து வந்தவையா என்பது படிப்பவருக்குத் தெரியாது. உள்ளடக்கத்தை நகலெடுக்கிறேன் என்று மட்டுமே வாக்களிக்கும் செயற்கூறு துளையைத் தொலைத்தால், அது தன் வாக்கை மீறியதாகாது. துளை வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் நாம்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அளந்து பார்ப்பது எப்படி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்எஸ் கட்டளை காட்டும் நீளத்தை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது துளையையும் சேர்த்துச் சொல்லும் நீளம். டியூ கட்டளை சொல்வது வட்டில் உண்மையாகப் பிடித்த இடம். பைத்தானில் ஓஎஸ் மாட்யூலின் ஸ்டாட் தரும் விடையில் எஸ்டி_சைஸ் முதலாவதற்கும், எஸ்டி_பிளாக்ஸ் இரண்டாவதற்கும் உரியவை. எஸ்டி_பிளாக்ஸ் லினக்ஸில் எப்போதும் 512 பைட் அலகிலேயே எண்ணப்படுகிறது. வட்டின் பிளாக் 4,096 பைட் என்பதால் 4,096ஆல் பெருக்கிவிட்டு, துளையே இல்லை என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: நகலெடுக்கும்போது வட்டு நிரம்பி, பிழை எண் 28 வருகிறது

எங்களுக்கு முதலில் வந்தது இதுதான். கோவைக்கு எடுத்துச் செல்லவிருந்த மடிக்கணினியில் 31 ஜிபி மீதமிருந்தது. நான்கு எம்பி கோப்பு போதாமல் போகாது என்று ஷுட்டில் மாட்யூலின் காப்பிஃபைலை அழைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது திரையில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற வரி நின்றது, பாதியில் நின்றுபோன 31 ஜிபி நகலும் வட்டில் கிடந்தது.

பைத்தான் 3.8 முதல் காப்பிஃபைல் லினக்ஸில் சென்ட்ஃபைல் என்னும் கெர்னல் அழைப்பைப் பயன்படுத்துகிறது. தரவு பைத்தானின் நினைவகத்துக்கு வந்து போகாமல் கெர்னலுக்குள்ளேயே கைமாறுவதால் வேகம் கூடுகிறது. ஆனால் மூலத்தின் துளைகள் சுழியங்களாகப் படிக்கப்பட்டு, அந்தச் சுழியங்கள் மறுபுறம் உண்மையான பிளாக்குகளில் எழுதப்படுகின்றன. 3.8க்கு முந்தைய பதிப்புகள் துண்டு துண்டாகப் படித்து எழுதியதிலும் விளைவு இதுவே. ஆகவே பதிப்பை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த அறிகுறி போகாது. காப்பி, காப்பி2, காப்பிட்ரீ ஆகிய மூன்றும் அடியில் காப்பிஃபைலையே அழைப்பதால் அவற்றுக்கும் இதே கதிதான்.

காப்பி_ஃபைல்_ரேஞ்ச் என்ற புதிய அழைப்பு இதைச் சரிசெய்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். கோ மொழியின் நூலகம் 1.15 பதிப்பிலிருந்து லினக்ஸில் அதைப் பயன்படுத்துகிறது. ரஸ்ட் மொழியின் நகல் செயற்கூறும் அதையே நாடுகிறது. ஆனால் கேட்ட பகுதிக்குள் துளை இருந்தால் அதை விரித்துவிடக்கூடும் என்று அந்த அழைப்பின் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. மொழியை மாற்றுவதும் இங்கே தீர்வாகாது.

தீர்வு, தரவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கெர்னலையே கேட்பது. சோலாரிஸிலிருந்து வந்த சீக்_டேட்டா, சீக்_ஹோல் ஆகிய இரு வசதிகளும் லினக்ஸ் 3.1இல் சேர்ந்தன, பைத்தானில் 3.3 முதல் ஓஎஸ் மாட்யூலில் கிடைக்கின்றன. மூலத்தையும் நகலையும் இடையகம் இல்லாமல், அதாவது பஃபரிங் மதிப்பைச் சுழியமாக்கித் திறந்துகொள்ளுங்கள். மூலத்தின் நீளத்தை எஃப்ஸ்டாட் கொண்டு எடுத்து, நகலை முதலிலேயே ட்ரங்கேட் மூலம் அதே நீளத்துக்கு நீட்டிவிடுங்கள். இப்போது நகல் முழுவதும் ஒரே துளையாக இருக்கும். பிறகு இடம் சுழியத்திலிருந்து தொடங்கி, எல்சீக்கிடம் சீக்_டேட்டா கொடுத்து அடுத்த தரவின் தொடக்கத்தையும், அந்தத் தொடக்கத்திலிருந்து சீக்_ஹோல் கொடுத்து அதன் முடிவையும் பெறுங்கள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்டதை மட்டும் ஒரு எம்பி அளவான துண்டுகளாகப் பிரீட் (pread) கொண்டு படித்து, பிரைட் (pwrite) கொண்டு அதே ஆஃப்செட்டில், அதாவது கோப்பின் தொடக்கத்திலிருந்து அதே தூரத்தில், எழுதுங்கள். முடிவு கிடைத்த இடத்திலிருந்து மீண்டும் சீக்_டேட்டா. பிரீட், பிரைட் ஆகிய இரு அழைப்புகளும் ஆஃப்செட்டை நேரடியாக எடுத்துக்கொள்வதால், எல்சீக் கோப்பின் நிலையை நகர்த்திக்கொண்டே இருப்பது நம்மைப் பாதிக்காது. பிரைட் கேட்டதைவிடக் குறைவாக எழுதிவிட்டுத் திரும்பலாம் என்பதை மறக்காமல், மீதியை எழுத ஓர் உள்சுழற்சி வைத்திருக்க வேண்டும். முடிந்தபின் காப்பிஸ்டாட் அழைத்தால் நேரமும் அனுமதிகளும் வந்துசேரும்.

எங்கள் கோப்பில் இந்தச் சுழற்சி ஆண்டு முடிவில் 43 முறை சுற்றி, கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிறது.

அறிகுறி: எல்லாத் தரவும் வந்தபின், இறுதியில் பிழை எண் 6 வந்து நிரல் நிற்கிறது

கொடுத்த இடத்துக்குப் பிறகு தரவே இல்லை என்றால் சீக்_டேட்டா கோப்பின் முடிவைத் திருப்பித் தராது. "நோ சச் டிவைஸ் ஆர் அட்ரஸ்" என்ற பிழையைத் தரும். சாதனம் கழன்றுவிட்டதோ என்று அஞ்ச வைக்கும் வாசகம் அது. எங்கள் குழுவில் ஒருவர் யூஎஸ்பி கேபிளையே மாற்றிப் பார்த்தார். இனித் தரவு இல்லை என்பதைத் தவிர அதற்கு இங்கே வேறு பொருள் இல்லை. ஓஎஸ்எரரைப் பிடித்து, எண் 6 ஆக, அதாவது ஈஎன்எக்ஸ்ஐஓவாக இருந்தால் சுழற்சியை முடித்துக்கொள்ளுங்கள். வேறு எண்ணாக இருந்தால் மறைக்காமல் மேலே அனுப்புங்கள். சீக்_ஹோல் இப்படிச் செய்வதில்லை. துளையே இல்லாத கோப்பிலும் முடிவில் ஒரு துளை இருப்பதாகக் கொண்டு நீளத்தைத் தந்துவிடும்.

அறிகுறி: நகல் பிடிக்கும் இடம் சரி, ஆனால் நீளம் குறைகிறது

எங்கள் கட்டங்கள் வடமேற்கு மூலையில் தொடங்கித் தென்கிழக்கு மூலையில் முடிகின்றன. அந்தத் தென்கிழக்கு மூலை மலையிறங்கிச் சமவெளியில் விழுவதால் அங்கே மழைமானி கிடையாது; எனவே கோப்பு எப்போதும் துளையிலேதான் முடியும். இப்படிப்பட்ட கோப்பில், எழுதாமல் நிலையை மட்டும் முன்னே நகர்த்துவதால் நகல் நீளாது. கடைசித் தரவோடு கோப்பும் முடிந்துவிடும். பின்னர் கடைசி வரிசைக் கட்டமொன்றைப் படிக்க முயலும்போதுதான், எதிர்பார்த்த பைட்டுகள் வரவில்லை என்ற பிழை வேறெங்கோ ஒரு நிரலில் தலைகாட்டும். நகலை முதலிலேயே முழு நீளத்துக்கு ட்ரங்கேட் செய்யச் சொன்னது இதற்காகவே. சோதனைக்குச் சிறு கோப்பு உருவாக்குபவர்கள், தரவில் முடியும் கோப்பு ஒன்றும், துளையில் முடியும் கோப்பு ஒன்றும், முழுவதும் துளையாகவே உள்ள கோப்பு ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: இல்லாத தரவு நகலில் இருக்கிறது

இதுவே இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது. ஏனெனில் பிழைச் செய்தி எதுவும் வராது. கொடநாட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த மழைமானியைப் புத்தாண்டில் முந்நூறு மீட்டர் தள்ளி மாற்றி வைத்தோம். சில வாரம் கழித்து நகலிலிருந்து நிலையங்களைப் பட்டியலிட்டபோது 43க்குப் பதில் 44 வந்தது. பழைய கட்டத்தில் சென்ற ஆண்டின் மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது.

நடந்தது இது: சென்ற ஆண்டு நகல் அதே பெயரில் வட்டில் இருந்தது, நிரல் அதை அழிக்காமல், படிக்கவும் எழுதவுமான முறையில் திறந்து, புதிய தரவை அதன் மேலேயே எழுதியது. சாதாரண நகலெடுப்பில் ஒவ்வொரு பைட்டும் மேலெழுதப்படுவதால் இதனால் தீங்கு வராது. துளைகளைத் தாண்டிச் செல்லும் நகலெடுப்பிலோ, தாண்டிய இடங்களில் பழையது அப்படியே தங்கிவிடும். முழு நீளத்துக்கு ட்ரங்கேட் செய்தும் பயனில்லை. நீளம் ஏற்கெனவே அதுதான். நகலை முதலில் சுழிய நீளத்துக்குச் சுருக்கி, பிறகே முழு நீளத்துக்கு நீட்ட வேண்டும். டபிள்யூபி முறையில் திறந்தால் சுருக்குதல் தானாக நடக்கும். இதைவிடவும் நல்லது, தற்காலிகப் பெயரில் புதிய கோப்பாக எழுதி முடித்து, ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸ் கொண்டு பெயரை மாற்றுவது. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பாதியில் நின்ற நகல் நல்ல நகலின் பெயரில் இருக்கவும் கூடாது.

அறிகுறி: நிரல் சரி, என்றாலும் வெளி வட்டில் முழு இடமும் போகிறது

போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். பென்டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் துளை என்ற கருத்தே கிடையாது. ஃபேட்32இல் 4 ஜிபியை எட்டும் கோப்பே கூடாது என்பதால், ட்ரங்கேட் செய்யும்போதே பிழை எண் 27 வந்துவிடும். எக்ஸ்ஃபேட் மறுக்காமல் முழு இடத்தையும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் துளையை ஏற்கும், ஆனால் அந்தக் கோப்பு ஸ்பார்ஸ் என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மூலம் வலைவழி வட்டில் இருந்தால், என்எஃப்எஸ் 4.2இல்தான் துளையின் இடத்தைக் கேட்கும் வசதி வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் கோப்பு முழுவதும் தரவு என்றே விடை கிடைக்கும், நம் சுழற்சியும் பிழையின்றி ஒரே முறை சுற்றி 47.6 ஜிபியையும் எழுதிவிடும்.

அப்படிப்பட்ட வட்டில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், டார் கட்டளையின் ஸ்பார்ஸ் விருப்பத்தைக் கொடுத்து மூலக் கணினியிலேயே பொதி கட்டிவிடுங்கள். துளைகளின் பட்டியல் பொதிக்குள் ஏறிக்கொள்ளும். பொதியின் அளவும் சில எம்பியைத் தாண்டாது. பைத்தானின் டார்ஃபைல் மாட்யூல் இத்தகைய பொதியைப் பிரிக்கும்போது துளைகளை மீண்டும் உண்டாக்கும். ஆனால் பொதி கட்டும்போது துளைகளைக் கண்டுகொள்ளாது. ஒருபக்கக் கதவு போன்ற இந்த ஏற்பாட்டை அறியாமல் இருபுறமும் பைத்தானிலேயே எழுதியவர்களுக்கு, எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். ஜிஸிப் கொண்டு சுருக்குவது அரைகுறைத் தீர்வு: அதன் முறையில் சுருக்கத்தின் உச்சவரம்பு ஏறத்தாழ 1,032க்கு ஒன்று என்பதால் வெறும் சுழியங்களே 50 எம்பி அளவுக்கு வந்துவிடும், பிரித்ததும் 47.6 ஜிபியும் திரும்பி நிற்கும்.

அறிகுறி: ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் சரி, வேறு வட்டுக்கு நகர்த்தினால் பெருத்துவிடுகிறது

ஷுட்டிலின் மூவ் முதலில் பெயர் மாற்றிப் பார்க்கும்; கோப்பு முறைமை மாறினால் காப்பி2 கொண்டு நகலெடுத்துவிட்டு மூலத்தை நீக்கிவிடும். மூவ், காப்பிட்ரீ இரண்டும் நகலெடுக்கும் செயற்கூறை வெளியிலிருந்து ஏற்கும் என்பதால், மேலே சொன்ன சுழற்சியை ஒரு செயற்கூறாக்கி அவற்றின் காப்பி_ஃபங்ஷன் அளவுருவில் கொடுத்தால் போதும்.

அறிகுறி: மூலமும் நகலும் பிடிக்கும் இடம் சற்றே வேறுபடுகிறது

சில கேபி வேறுபாடு இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. ஒரு பிளாக்கில் 2,048 அளவுகள் அடங்கும். அதாவது ஒரு நிலையத்துக்குப் பதினான்கு நாள் தாங்கும். மூலக் கோப்பு ஓராண்டாகப் பிளாக் பிளாக்காக, 43 இடங்களில் மாறிமாறி வளர்ந்தது. அவற்றின் இருப்பிடங்களைக் குறித்துவைக்க லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை கூடுதல் பிளாக்குகளை எடுத்துக்கொண்டு, எஸ்டி_பிளாக்ஸ் கணக்கில் அவற்றையும் சேர்க்கிறது. நகல் ஒரே மூச்சில் எழுதப்பட்டதால் குறிப்புகள் குறைவு.

மூலம் நகலைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், அது ஃபாலொகேட் கொண்டு முன்கூட்டியே இடம் ஒதுக்கி உருவாக்கப்பட்டதா என்று பாருங்கள். ஒதுக்கப்பட்டும் எழுதப்படாத பகுதிகளை இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் சீக்_ஹோலிடம் துளை என்றே சொல்லும். உள்ளடக்கம் கெடாது, ஆனால் இடம் உறுதியாக இருக்கட்டும் என்று ஒதுக்கியவரின் நோக்கம் நகலில் இல்லாமல் போய்விடும்.

மாறாக, ஏற்கெனவே ஒருமுறை துளை தொலைத்து வந்த கோப்பில் கேட்டுப் பயனில்லை. கெர்னலைப் பொறுத்தவரை அந்தச் சுழியங்கள் இப்போது தரவு. அதற்கு ஃபாலொகேட் கட்டளையின் டிக்-ஹோல்ஸ் விருப்பம் இருக்கிறது. சுழியம் மட்டுமே உள்ள பிளாக்குகளைத் தேடி அந்த இடத்திலேயே துளையாக்கிவிடும். சிபி கட்டளைக்கு ஸ்பார்ஸ் விருப்பத்தில் ஆல்வேஸ் என்று கொடுத்தாலும் புதிய நகலில் இதே பயன் கிட்டும்.

அறிகுறி: நகலெடுத்தபின் மழையில்லாத நாளும் அளக்காத நாளும் குழம்பிவிட்டன

இது நகலெடுப்பின் குற்றமன்று, கோப்பை வடிவமைத்தவரின் குற்றம். பிப்ரவரியில் கோத்தகிரியில் நாள்கணக்கில் மழை இராது. அந்தச் சுழியம் ஓர் அளவீடு. மழைமானியே இல்லாத கட்டத்தின் சுழியம் அளவீடன்று. இந்த இரண்டையும், இங்கே துளை இருக்கிறதா என்று சீக்_ஹோலைக் கேட்டு வேறுபடுத்தும் நிரல் ஒன்றை ஒருகாலத்தில் வைத்திருந்தோம். துளையை விரிக்கும் நகலெடுப்பு அந்த வேறுபாட்டை ஒரு வகையில் அழிக்கிறது. சுழியங்களைத் துளையாக்கும் டிக்-ஹோல்ஸ் மறுவகையில் அழிக்கிறது. இப்போது மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கில் எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்டி எழுதுகிறோம்: மழையில்லை என்றால் 1, அளக்கவில்லை என்றால் 0. துளை இருந்தாலும் தொலைந்தாலும் பொருள் மாறாது.

அறிகுறி: நகலின் ஹேஷ் மூலத்தோடு பொருந்தவில்லை

ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண். துளையும் எழுதப்பட்ட சுழியமும் ஒரே ஹேஷைத்தான் தரும். ஆகவே பொருந்தாமை எப்போதும் உண்மையான பிழை. பழைய தரவு தங்கிய நகலும், நீளம் குறைந்த நகலும் மேலே சொல்லப்பட்டன. அடுத்து, மூலத்தில் வேறொரு நிரல் எழுதிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். நாம் துளை என்று தாண்டிய இடத்தில் அடுத்த நொடியே தரவு விழலாம். எங்கள் பதிவு நிரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவதால், அதை நிறுத்திவிட்டே நகலெடுக்கிறோம்.

அரிதாக, கோப்பு முறைமையே தவறான விடை தரலாம். ஓப்பன்இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில் இப்போதுதான் எழுதப்பட்டு இன்னும் வட்டுக்குப் போகாத தரவைத் துளை என்று சொல்லிவிடும் பிழை ஒன்று 2023 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மாத இறுதியில் வெளியான 2.2.2, 2.1.14 பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. தரவுப் பகுதிகளை மட்டும் ஒப்பிடும் விரைவுச் சோதனை இத்தகைய பிழையைப் பிடிக்காது, ஏனெனில் எது தரவு என்பதையும் அதே கெர்னலிடம்தான் அது கேட்கிறது. இரு கோப்புகளையும் தொடக்கம் முதல் முடிவு வரை, துளைகளும் உட்பட, படித்து எஸ்எச்ஏ256 கணக்கிட வேண்டும். 47.6 ஜிபி சுழியங்களையும் படித்தாக வேண்டும் என்பதால் நகலெடுப்பைவிட இது பல மடங்கு நேரம் எடுக்கும். எங்கள் பழைய கணினியில் அதை இரவில் ஓடவிட்டு, காலையில் முதல் பேருந்துக்கு முன் விடையைப் பார்க்கிறோம்.